வடிகட்டின பெருமை

துறுதுறுவுக்குப் பள்ளிக்கூடப் பதிவேட்டில் வேறொரு பெயர் இருக்கிறது. அதை டீச்சரே மறந்து பல மாதம் ஆகிறது. அவளுக்குக் கால் நின்றால் கை நிற்காது. கை நின்றால் வாய் நிற்காது. பத்து வயதுக்குள் மூன்று நாற்காலிகளை ஆட்டி ஆட்டியே உடைத்தவள்.

அப்படிப்பட்டவளை ஒரு சனிக்கிழமை மதியம் ஒர்க்ஷாப் சோபாவில் உட்காரவைத்து, "அசையாம இரு கண்ணு, மூணு மணிக்கு வீட்டுக்குப் போயிடலாம்" என்றார் அம்மா. நடக்கிற காரியமா அது?

அம்மா கார் மெக்கானிக். அதிலும் ஹைபிரிட் கார் மெக்கானிக். ஹைபிரிட் கார் பாதி நேரம் பேட்டரியில் ஓடும், பாதி நேரம் பெட்ரோலில் ஓடும். அதற்குள் ஆரஞ்சு நிறத்தில் தடிமனான ஒயர்கள் இருக்கும். அந்த ஒயரில் ஓடும் மின்சாரம் ஆளைத் தூக்கி அடித்துவிடும். அதற்கென்று படித்து, பரீட்சை எழுதி, ரப்பர் கையுறை போட்டவர்தான் அதைத் தொடலாம். அந்த ஒர்க்ஷாப்பில் கையுறை ஒரே ஒரு ஜோடி. பரீட்சை எழுதியவரும் ஒரே ஒருவர். அம்மா.

ஆனால் வாசல் பலகையில், 'ஹைபிரிட் கார்களின் இணையற்ற நிபுணர்' என்று எழுதி, பக்கத்தில் முதலாளியின் படத்தைப் போட்டிருந்தார்கள். முதலாளி இதுவரை ஒரு திருகாணியைக்கூடத் திருகியதில்லை. சட்டை கசங்கிவிடுமே!

சரியாக ஒரு மணிக்கு வெள்ளைக் கார் ஒன்று விக்கிக்கொண்டே உள்ளே நுழைந்தது. விக்கியது, குலுங்கியது, நின்றேவிட்டது.

முதலில் செயலாளர் இறங்கினார். ஓடிவந்து மறுபக்கக் கதவைத் திறந்தார். பிறகு தலைவர் இறங்கினார்.

அவர் குடியிருப்போர் சங்கத் தலைவர். காலை நடைச் சங்கத்துக்கும் தலைவர். எரிபொருள் சிக்கனக் கழகத்துக்கும் அவரேதான் தலைவர். இத்தனையும் அச்சடிக்க இடம் வேண்டும் என்பதால் அவருடைய விசிட்டிங் கார்டை மூன்றாக மடித்து வைத்திருந்தார்கள். செயலாளருக்கு மூன்று வேலைகள்: கதவு திறப்பது, கை தட்டுவது, "ஆமாம் தலைவரே" என்பது.

"எட்டு மாசம்!" என்று தலைவர் தொண்டையைக் கனைத்தார். ஒர்க்ஷாப்பில் இருந்தது ஐந்து பேர். அவருக்கு அது போதும், கூட்டம்தான். "எட்டு மாசமா நான் பெட்ரோல் பங்க் இருக்கிற திசையில தலை வச்சுப் படுத்ததில்லை! வீட்டுல சார்ஜ் ஏத்தறேன், ஊரெல்லாம் ஓடறேன். பங்க்காரங்களுக்கு என் முகமே மறந்து போயிருக்கும்!"

"ஆமாம் தலைவரே!"

"இன்னிக்கு அஞ்சு மணிக்கு எனக்கு விருது. 'பெட்ரோல் தொடாத பெருமகன்'. இந்தக் கார்லதான் மேடை வாசல் வரைக்கும் போயி இறங்கணும். ஆனா இது நடுரோட்டுல நாலு தடவை நின்னு மானத்தை வாங்குது!"

அம்மா கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். "பேட்டரியில ஓடும்போது நிக்குதா சார், பெட்ரோல் இன்ஜின் கிளம்பினதும் நிக்குதா?"

"இன்ஜின் கிளம்பினதும்" என்றார் தலைவர். சொன்ன பிறகுதான் யோசித்தார். "அதாவது... எப்பவாவது தானாக் கிளம்புமே, அப்போ."

"அப்போ பெட்ரோல் வர்ற வழியில அடைப்பு. டேங்க்ல இருந்து வர்ற பெட்ரோலைச் சுத்தம் பண்ண ஒரு வடிகட்டி இருக்கு. அது அடைச்சிருக்கணும்."

முதலாளி காரின் பராமரிப்புப் புத்தகத்தைப் புரட்டினார். எந்த மாதம் எதைப் பார்க்க வேண்டும், எத்தனை கிலோமீட்டருக்கு எதை மாற்ற வேண்டும் என்று அதில் கட்டம் கட்டமாகப் போட்டிருக்கும். வேலை முடிந்ததும் செய்தவர் அந்தக் கட்டத்தில் கையெழுத்துப் போட வேண்டும். அம்மாவுக்கு அந்தக் கையெழுத்து சத்தியம் செய்வது மாதிரி. வேலையை இரண்டு தரம் சரிபார்க்காமல் பேனாவைத் தொட மாட்டார்.

"வடிகட்டி மாத்தினது மூணு மாசம் முன்னாடி" என்று முதலாளி படித்தார். "கையெழுத்து உன்னுதுதானேம்மா?"

"என்னுதுதான் முதலாளி. அடுத்து மாத்த வேண்டியது ரெண்டு வருஷம் கழிச்சு."

"ரெண்டு வருஷம் வர வேண்டியது மூணு மாசத்துல எப்படி அடைக்கும்?" தலைவரின் விரல் மேலே போனது. "வடிகட்டியை மாத்தவே இல்லை! மாத்தாமலே கையெழுத்துப் போட்டிருக்காங்க!"

"ஆமாம் தலைவரே! வடிகட்டின பொய்!" என்றார் செயலாளர்.

சோபாவில் தலைகீழாகத் தொங்கிக்கொண்டிருந்த துறுதுறு எழுந்து உட்கார்ந்தாள். வடிகட்டின பொய்யா? டீயை வடிகட்டினால் தூள் போய்விடும். பொய்யை வடிகட்டினால் அதில் என்ன போகும்? என்ன மிஞ்சும்?

அவள் யோசித்து முடிப்பதற்குள் முதலாளியின் குரல் வந்தது. "இங்க பாரும்மா. பொய்க் கையெழுத்துன்னு தெரிஞ்சுது, அந்தக் கையுறையைக் கழட்டி என் மச்சான்கிட்டக் குடுத்துடுவேன். திங்கட்கிழமையிலேர்ந்து நீ டயருக்குக் காத்து அடி."

மூலையில் பாட்டுக் கேட்டுக்கொண்டிருந்த மச்சான் பல்லெல்லாம் தெரியச் சிரித்தார். போன மாதம் ஆரஞ்சு ஒயரைப் பார்த்து, "அட, கலர் நல்லா இருக்கே" என்று தடவிப் பார்க்கப் போனவர் அவர்தான். அம்மா சட்டையைப் பிடித்து இழுத்ததால் இன்று பாட்டுக் கேட்க முடிகிறது.

அம்மாவுக்குக் கோபம் வந்தால் கத்த மாட்டார். குரல் இறங்கிவிடும். "கழட்டியே பாத்துடலாம் முதலாளி" என்றார். அது துறுதுறுவுக்கே சரியாகக் காதில் விழவில்லை.

அவள் துள்ளி எழுந்தாள். சோபாவில் இருப்பு கொள்ளவில்லை. "நான் என்ன செய்யட்டும்மா? சொல்லும்மா. ஏதாவது குடும்மா!"

"டிக்கியைக் காலி பண்ணு. கரண்ட்டை நிறுத்தற பிளக் அதுக்குள்ளதான் இருக்கு."

டிக்கிக்குள் ஒரு சங்கமே குடியிருந்தது. 'பெட்ரோல் நம் எதிரி' என்று அச்சடித்த நோட்டீஸ் கட்டுகள் ஆறு. தலைவர் படம் போட்ட தட்டிகள் இரண்டு. கேடயங்கள் நான்கு. எல்லாவற்றுக்கும் அடியில் சுருட்டி வைத்த ஒரு துணிப்பை. அதைத் தூக்கியதும் வாசனை மூக்கில் ஏறியது. உள்ளே எட்டிப் பார்த்தாள். இளநீல நிறத்தில் ஒரு பழைய பெயிண்ட் டின், காலி. பிளாஸ்டிக் பாட்டிலைப் பாதியாக வெட்டிச் செய்த ஒரு புனல். டின்னின் உள்பக்கம் காய்ந்த பெயிண்ட் பொருக்குப் பொருக்காகப் பெயர்ந்து நின்றது.

எதற்கு இது? அவள் பையை அலமாரியில் வைத்துவிட்டு அடுத்த கட்டைத் தூக்க ஓடினாள்.

அம்மா கையுறையை மாட்டிக்கொண்டு பிளக்கைப் பிடுங்கினார். யாரும் தெரியாமல் திரும்ப மாட்டிவிடாமல் இருக்க அதைத் தன் பையிலேயே போட்டுக்கொண்டார். பிறகு கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"ஏம்மா சும்மா நிக்கறே?"

"பத்து நிமிஷம் நிக்கணும். பிளக்கைப் பிடுங்கினாலும் உள்ள கொஞ்சம் கரண்ட் தங்கி இருக்கும். அது அடங்கணும்."

"அதுவும் என்னை மாதிரியா?"

"உன்னைவிடத் தேவலாம். பத்து நிமிஷத்துல அடங்கிடும்."

உலகத்திலேயே நீளமான பத்து நிமிடம் அது. துறுதுறு காரைப் பதினேழு தடவை சுற்றினாள். தலைவர் கடிகாரத்தைப் பார்த்தார். அவர் பார்த்ததால் செயலாளரும் பார்த்தார்.

அம்மா பின்சீட்டைத் தூக்கினார். கீழே ஒரு வட்ட மூடி, அதற்குக் கீழே பெட்ரோல் டேங்க். குழாயில் இருந்த அழுத்தத்தைப் பதமாக இறக்கி, வடிகட்டியை வெளியே எடுத்தார். எந்த உதிரிப்பாகம் மாற்றினாலும் அதன் தலையில் வெள்ளை மையால் தேதி எழுதுவது அவர் வழக்கம். எழுதியிருந்தது. மூன்று மாதத்துக்கு முந்தைய தேதி.

"மாத்தியிருக்கேன், பாருங்க."

முதலாளியின் முகம் தொங்கியது. "மாத்தியிருக்கே, சரி. ஆனா மட்டமான வடிகட்டியாப் போட்டிருப்பே."

"வாங்கிக் குடுத்தது நீங்கதானே முதலாளி?"

முதலாளிக்கு உடனே இருமல் வந்துவிட்டது.

அம்மா வடிகட்டியின் கூட்டை அறுத்து ஒரு வெள்ளைத் தட்டில் தட்டினார். சொரசொரவென்று கொட்டியது. மண் இல்லை, துரு இல்லை. இளநீலப் பொருக்குகள்.

தலைவர் அதைப் பார்த்தார். அவர் முகத்தில் இருந்த மூன்று பதவிகளும் ஒரு கணம் காணாமல் போயின. அப்புறம் அவர் கண் ஒர்க்ஷாப் சுவரில் போய் நின்றது. சுவர் நீலம்.

"உங்க சுவர்!" என்று தாவிப் பிடித்தார். "மூணு மாசம் முன்னாடி வண்டி இங்க நின்னப்போ நீங்க பெயிண்ட் அடிச்சீங்களே! அதுதான் உள்ள விழுந்திருக்கு!"

"ஆமாம் தலைவரே! சுவர்!"

முதலாளிக்கு வியர்த்தது. நீலம் அடிக்கச் சொன்னது அவர்தான். "ஏம்மா, டேங்க்கைத் திறந்து போட்டுட்டு எங்கம்மா போனே?"

"நான் திறந்து போடலை. சுவர் கருநீலம், இது இளநீலம். நல்லாப் பாருங்க."

"நீலம்னா நீலம்தான்" என்றார் முதலாளி. "மச்சான், கையுறையை வாங்கிக்கோ."

முதலில் வடிகட்டியை மாற்றவில்லை என்றார்கள். பிறகு மட்டமானது என்றார்கள். இப்போது சுவர் என்கிறார்கள். குற்றம் இரண்டு தடவை மாறிவிட்டது, குற்றவாளி மட்டும் மாறவே இல்லை. அம்மா கையுறையைக் கழற்றினார். இடது கை சட்டென்று வந்தது. வலது கை வர நேரமானது.

துறுதுறுவின் பார்வை தட்டில் இருந்து அலமாரிக்குப் போனது. அலமாரியில் இருந்து தட்டுக்கு வந்தது. இளநீலம். இளநீலம்! ஆக, வடிகட்டி பொய்யே சொல்லவில்லை. உள்ளே யார் எதை ஊற்றினார்களோ அதை அப்படியே பிடித்து வைத்திருக்கிறது.

கத்துவதற்கு வாயைத் திறந்தாள்.

தலைவர் தண்ணீர்க் குழாய்ப் பக்கம் தனியாகப் போய் நின்றிருந்தார். டம்ளரை வாயருகே கொண்டுபோனார். தண்ணீர் வாய்க்குப் போகாமல் சட்டைக்குப் போனது. அந்த முகத்தை அவள் எங்கேயோ பார்த்திருக்கிறாள். ஆமாம், வகுப்பில். போன வாரம் காப்பியடித்து மாட்டிக்கொண்ட பையன். டீச்சர் அத்தனை பேருக்கும் முன்னால் கேட்டதால் அவன் கடைசிவரை ஒத்துக்கொள்ளவில்லை. ஒரு பொய், அதற்கு மேல் இன்னொரு பொய் என்று செங்கல் மாதிரி அடுக்கிக்கொண்டே போனான். கடைசியில் அவனாலேயே அதற்குள்ளிருந்து வெளியே வர முடியவில்லை.

இங்கே கத்தினால் இவரும் அடுக்குவார். அடுக்குவதற்குச் செயலாளர் வேறு இருக்கிறார்.

வாயை மூடிக்கொண்டாள். அது அவளுக்குப் பழக்கமில்லாத வேலை, தாடை வலித்தது. துணிப்பையை எடுத்துக்கொண்டு குழாய்ப் பக்கம் போனாள்.

"அங்கிள்."

"தலைவர்னு சொல்லணும் பாப்பா."

"தலைவர் அங்கிள், உங்க பை."

தலைவர் பையைப் பார்த்ததும் முதுகால் அதை மறைத்துக்கொண்டார். "இது... தண்ணி டின்."

"மோந்து பாருங்க."

அவர் மோந்து பார்க்கவில்லை. பிறகு குரலைத் தாழ்த்தினார். கூட்டத்தில் பேசுகிற குரல் இல்லை அது, வீட்டுக் குரல். "நான் என்ன பண்றது பாப்பா? சார்ஜ் ஏத்தினா ஐம்பது கிலோமீட்டர்தான் ஓடுது. பெட்ரோலைச் சேமிங்கன்னு சொல்லி ஒரு நாளைக்கு அஞ்சு கூட்டம் பேசறேன். அஞ்சும் அஞ்சு மூலையில. அலைஞ்சு அலைஞ்சு பெட்ரோல் தீர்ந்துடுது."

"பங்க்ல போட்டுக்க வேண்டியதுதானே?"

"இந்தக் காரை பங்க்ல யாராவது பாத்தா? அதான் ஹெல்மெட் போட்டு, முகத்தை மூடிக்கிட்டு, சைக்கிள்ல போயி டின்ல வாங்கிட்டு வருவேன்."

துறுதுறுவுக்குச் சிரிப்பு வந்தது. கன்னத்தை உள்பக்கமாகக் கடித்துக்கொண்டாள்.

"உனக்கு என்ன வேணும் சொல்லு. சாக்லேட்டா? கழகத்துல சொல்லி ஒரு கேடயம் தரட்டுமா?"

"எங்கம்மா கையெழுத்து வேணும்."

"அது உங்கம்மாகிட்டத்தானே இருக்கு?"

"இல்லை. அது பொய்னு சொல்லி நீங்க எடுத்துட்டீங்க. திருப்பிக் குடுங்க."

தலைவர் நெற்றியைத் துடைத்தார். "விருது வாங்கிட்டு, நாளைக்குக் காலையில வந்து..."

"கையுறையை இப்பவே கழட்டிட்டாங்க. உங்க கார்ல ஆரஞ்சு ஒயர் இருக்குல்ல? அதை இனிமே அந்த மச்சான் அங்கிள்தான் தொடுவாரு."

தலைவர் திரும்பிப் பார்த்தார். மச்சான் கையுறையைத் தொப்பி மாதிரித் தலையில் வைத்துக் கண்ணாடியில் அழகு பார்த்துக்கொண்டிருந்தார்.

"நான் சொல்லலைன்னா நீ சொல்லிடுவியா?"

"சொல்லுவேன். ஆனா எனக்கு மெதுவாப் பேச வராது. ரோட்டுல போறவங்களுக்கும் கேக்கும். நீங்களே சொன்னா இங்க இருக்கிறவங்களோட போயிடும்."

அவர் அவளையே பார்த்தார். பையை வாங்கிக்கொண்டார். நடந்து போய் வெள்ளைத் தட்டுக்குப் பக்கத்தில் நின்று தொண்டையைக் கனைத்தார்.

"பெருமதிப்பிற்குரிய முதலாளி அவர்களே, வருங்காலத்தின் வாகனமாம் இந்த ஹைபிரிட்டின் வரலாற்றிலே..."

துறுதுறு ஒற்றைக்காலில் குதித்தாள். மறு காலுக்கு மாறினாள். வாய் மெல்லத் திறக்க ஆரம்பித்தது.

தலைவர் அதைப் பார்த்துவிட்டார். மீதி வரலாற்றை விழுங்கினார். டின்னைத் தட்டின் மேல் வைத்தார்.

"டின் என்னுது. தப்பும் என்னுது. இந்தம்மா கையெழுத்து சரி."

அவர் வாழ்க்கையிலேயே பேசிய மிகச் சிறிய பேச்சு அதுதான்.

"ஆமாம் தலைவரே!" என்று செயலாளர் பழக்கத்தில் கை தட்டினார். இரண்டு தட்டுக்கு அப்புறம்தான் தலைவர் என்ன சொன்னார் என்று புரிந்தது. மூன்றாவது தட்டு பாதியில் நின்றது.

அம்மா டின்னைப் பார்த்தார், தட்டைப் பார்த்தார். இளநீலப் பொருக்கு ஒன்றை டின்னின் உள்பக்கம் பொருத்திக் காட்டினார். அங்கிருந்தே பிய்ந்து வந்தது போலச் சேர்ந்தது. மச்சானின் தலையில் இருந்து கையுறையை எடுத்தார். ஓட்டை இருக்கிறதா என்று ஊதிப் பார்த்து மாட்டிக்கொண்டார்.

"நான் அப்பவே நினைச்சேன், சுவரா இருக்காதுன்னு" என்றார் முதலாளி. யாரும் அவர் பக்கம் திரும்பவில்லை.

டேங்க்கைக் காலி செய்து, கழுவி, துடைத்து, புது வடிகட்டியை மாட்டி முடிக்கும்போது மணி நாலு. துறுதுறுதான் டார்ச் பிடித்தாள்; பிடித்தபடியே ஹெல்மெட் கதையை அம்மாவிடம் தன்னால் முடிந்த அளவு மெதுவாகச் சொன்னாள். வெளிச்சம் கொஞ்சம் ஆடியது, ஆனால் வேலை நடந்தது. கடைசியில் அம்மா பிளக்கைத் திரும்ப மாட்டினார்.

"டேங்க்ல சொட்டுப் பெட்ரோல் இல்லை" என்றார் அம்மா. "பேட்டரியிலயே பங்க் வரைக்கும் போயி போட்டுட்டு, அப்படியே ஓட்டிப் பாத்துடலாம். ஏறுங்க சார்."

"பங்க்குக்கா? பகல்லயா? கார்லயா?"

"ஹெல்மெட் வேணுமா சார்?" என்று அம்மா கேட்டார். அவர் முகத்தில் சிரிப்பு இல்லை. ஆனால் துறுதுறுவுக்கு அம்மாவைத் தெரியும்.

துறுதுறு அம்மாவுக்குப் பக்கத்தில் ஏறிக்கொள்ள, தலைவர் பின்சீட்டில் உடம்பைச் சுருக்கிக்கொண்டு உட்கார்ந்தார். பங்க்கில் கார் நின்றதும் பெட்ரோல் போடுகிற பெண் குனிந்து பார்த்தாள்.

"என்ன சார், இன்னிக்கு சைக்கிள்ல வரலையா? நீல டின்னைக் காணோம்?"

"என்னை... உங்களுக்குத் தெரியுமா?"

"வாரம் ரெண்டு தடவை வர்றீங்க, தெரியாதா? இந்த வெயில்ல முகம் மூடற ஹெல்மெட் போட்டு சைக்கிள் மிதிக்கிறது நீங்க ஒருத்தர்தானே. நாங்க உங்களுக்குப் பேரே வச்சிருக்கோம்."

என்ன பேர் என்று தலைவர் கேட்கவில்லை. துறுதுறு கேட்க வாயெடுத்தாள். அம்மா அவள் முழங்காலை அழுத்தினார்.

கார் சாலையில் ஏறியது. பேட்டரியில் சத்தமில்லாமல் போனது. இன்ஜின் கிளம்ப வேண்டிய ஏற்றம் வந்தபோது மூன்று பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டார்கள். மெல்ல ஓர் உறுமல். விக்கலும் இல்லை, குலுங்கலும் இல்லை. கார் ஏற்றத்தில் நேராக ஏறிப் போனது.

ஒர்க்ஷாப்புக்குத் திரும்பியதும் அம்மா இரண்டு தரம் சரிபார்த்தார். பிறகு புத்தகத்தைக் கார் முன்மூடியின் மேல் விரித்தார். கட்டத்துக்குப் பக்கத்தில் 'மாற்றியதற்கான காரணம்' என்று ஓரிடம் இருந்தது.

"அதை நான் எழுதறேன்" என்றார் தலைவர். 'டின்னில் பெட்ரோல் ஊற்றியது நான்' என்று எழுதிப் பெயரைப் போட்டார். பெயருக்குப் பின்னால் பதவி ஒன்றுகூடப் போடவில்லை. கட்டத்தில் இடம் போதவில்லை என்று செயலாளர் எல்லோரிடமும் விளக்கினார்.

அதற்குக் கீழே அம்மா நிதானமாகத் தன் கையெழுத்தைப் போட்டார்.

எதிர்ப்பக்கத்தில் நின்ற முதலாளி கழுத்தை நீட்டிப் பார்த்தார். "அடடா, எவ்வளவு தெளிவா இருக்கு! நம்ம ஒர்க்ஷாப் கையெழுத்துன்னா சும்மாவா?" என்றார்.

புத்தகம் அவருக்குத் தலைகீழாக இருந்தது.